‘கிராஃப்ட்’: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறும் தமிழ் நிகரன்களும்

1. முன்னுரை

பிரெஞ்சு வரலாற்றறிஞர் மார்க் பிளாக் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1949இல் வெளிவந்த நூலின் தலைப்பில் ‘மெத்தியே’ என்னும் பிரெஞ்சுச் சொல் இடம்பெற்றுள்ளது. 1953இல் அந்நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது அச்சொல்லின் இடத்தில் ‘கிராஃப்ட்’ அமர்ந்தது. அத்தலைப்பைத் தமிழாக்க முற்படுவோர், வழக்கிலுள்ள நிகரனைக் கொண்டு ‘வரலாற்றாசிரியரின் கைவினை’ என எழுதினால் அது நகைப்புக்கு இடமாகும். ‘தொழில்’ என்றால் ஊதியத்துக்குச் செய்யும் பணி என்னும் பொருள் முந்தி நிற்கும். ‘கலை’ என்றால் ஆங்கிலப் பெயர்ப்பு விலக்கிய சொல்லையே நாம் மீண்டும் கொணர்ந்தவராவோம்.

இலக்கியத் திறனாய்விலும் இதே இடர்ப்பாடு உண்டு. ஹென்றி ஜேம்ஸ் 1884இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, புனைகதையின் ‘ஆர்ட்’ பற்றியது என்று தலைப்பிலேயே அறிவிக்கிறது. அவர் வழியில் வந்த பெர்சி லப்பக் 1921இல் வெளியிட்ட நூலோ புனைகதையின் ‘கிராஃப்ட்’ பற்றியது என்கிறது. இரண்டையும் ‘புனைகதைக் கலை’ என்று பெயர்த்துவிட்டால், ஆசானின் சொல்லை விடுத்து மாணாக்கர் வேறொரு சொல்லைத் தேர்ந்தார் என்ற செய்தியே தமிழ் வாசகருக்குக் கிட்டாது. நாவல் எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதை ஆக்குவோரின் பணிமனைக்குள் நின்று காணும் லப்பக்கின் நோக்கம் அச்சொல்லிலேதான் அடங்கியுள்ளது.

‘கிராஃப்ட்’ என்னும் சொல்லின் பொருள் வரலாற்றை ஆராய்ந்து, அதன் ஒளியில் தமிழில் வழங்கும் நிகரன்களை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இச்சொல்லுக்குத் தமிழில் பெருவழக்காக உள்ள கைவினை, கைத்தொழில், கைத்திறன் ஆகிய மூன்றும் ‘கை’ என்னும் நிலைமொழியைக் கொண்டவை. ஆங்கிலச் சொல்லின் வேரிலோ அதன் நெடிய வரலாற்றின் பெரும்பகுதியிலோ ‘கை’ என்ற பொருட்கூறு இல்லை என்பதும், அது பிற்காலத்தில் வந்து சேர்ந்தது என்பதும், தமிழ் அந்தப் பிற்கால நிலையை மட்டும் ஏற்று எல்லா இடத்துக்கும் விரித்துவிட்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

2. வேரும் இனச்சொற்களும்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ஏறத்தாழ ‘க்ரஃப்ட்’ என ஒலிக்கப்பட்டது. ஆற்றல், வலிமை, உடல் வன்மை என்பனவே அதன் தொன்மையான பொருள்கள். ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பிற மொழிகளில் இதன் இனச்சொற்கள் உள்ளன. ஜெர்மன் மொழியிலும் ஸ்வீடிய மொழியிலும் இன்றளவும் அவை ஆற்றல், விசை என்னும் பொருளிலேயே வழங்குகின்றன. ஜெர்மனில் ‘கிராஃப்ட்வெர்க்’ என்பது மின்னாக்க நிலையத்தைக் குறிக்கும். ஆங்கிலேயர் கைவினை என்று கருதுவதை ஜெர்மானியர் ‘ஹண்ட்வெர்க்’ என்பர். வேர் ஒன்றாயினும் பொருள் இரு வேறு திசைகளில் பிரிந்துவிட்டது. ஜெர்மானியக் குடும்பத்துக்கு அப்பால் இவ்வேரின் தொடர்பு உறுதியாக நிறுவப்படவில்லை.

ஆற்றல் என்ற பொருள் திறன் என்றும், பயின்று பெற்ற அறிவு என்றும், ஒருவர் மேற்கொண்ட தொழில் என்றும் விரிந்தது ஆங்கிலத்துக்கே உரிய வளர்ச்சி என்பது சொற்பிறப்பியலார் கருத்து. உடலின் வன்மையைக் குறித்த சொல் உள்ளத்தின் வன்மையைக் குறிக்கத் தொடங்கியதே இவ்விரிவின் முதற்படி. இம்முதற்படியிலேயே கைக்கு இடமில்லை என்பது கருதத்தக்கது. வலிமையிலிருந்து திறனுக்குச் செல்லும் வழி இங்கு அறிவின் ஊடாகச் சென்றது. கையின் ஊடாகச் செல்லவில்லை.

3. ஒரு மொழிபெயர்ப்புச் சான்று

இவ்விரிவுக்கு மிகச் சிறந்த சான்று ஒரு மொழிபெயர்ப்பு நூலிலேயே கிடைப்பது நம் போன்றோர்க்கு மகிழ்ச்சி தருவதாகும். போயீத்தியஸ் 6ஆம் நூற்றாண்டில் சிறையிலிருந்து எழுதிய மெய்யியல் நூலின் பழைய ஆங்கிலப் பெயர்ப்பு, 871 முதல் 899 வரை ஆண்ட ஆல்ஃபிரட் அரசரின் பெயரால் வழங்குகிறது. அரசர் தாமே அதைப் பெயர்த்தாரா என்பது பற்றி அண்மைக்கால அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெயர்த்தவர் யாராயினும் அவர் கையாண்ட சொல்லாட்சியே நமக்கு முதன்மையானது.

மூலத்தில் நற்பண்பைக் குறிக்கும் ‘விர்த்தூஸ்’ என்னும் இலத்தீன் சொல் வரும் இடங்களில் இப்பெயர்ப்பாளர் பலகாலும் ‘க்ரஃப்ட்’ என்று எழுதுகிறார். இத்தேர்வு தற்செயலானதன்று. ‘விர்த்தூஸ்’ என்பது ஆண்மகனைக் குறிக்கும் ‘விர்’ என்ற சொல்லின் வழிப் பிறந்து, முதலில் ஆண்மையையும் வீரத்தையும், பின்னர் அறப்பண்பையும் குறித்தது. வலிமையிலிருந்து பண்புக்குச் சென்ற இலத்தீன் சொல்லுக்கு நேராக, வலிமையிலிருந்து திறனுக்குச் சென்றுகொண்டிருந்த ஓர் ஆங்கிலச் சொல்லை அவர் நிறுத்தியுள்ளார். இரு சொற்களின் பொருட்பாதையும் ஒத்திருப்பதை அவரது மொழியுணர்வு கண்டுகொண்டது எனலாம்.

இதே நூலில் மூலத்தில் இல்லாத ஒரு விரிவும் சேர்க்கப்பட்டுள்ளது. கருவிகளும் மூலப்பொருளும் இன்றி எவரும் தம் ‘க்ரஃப்ட்’டைக் காட்ட இயலாது; அரசருக்கும் அவ்வாறே; வழிபடுவோர், போரிடுவோர், உழைப்போர் ஆகிய மூவகை மக்களே அரசரின் கருவிகள் என்பது அதன் கருத்து. அரசாளுவதே இங்கு ஒரு ‘க்ரஃப்ட்’ எனப்படுகிறது. கொல்லரின் உலைக்கூடத்துக்கும் அரசரின் அவைக்கும் ஒரே சொல் பொருந்துமாறு அது அகன்றிருந்தது.

மூன்றாவது சான்று இவையனைத்திலும் சுவை மிக்கது. நேர்மைக்குப் பெயர்பெற்ற ஃபாப்ரிசியஸ் என்னும் ரோமானியத் தலைவரின் எலும்புகள் இன்று எங்கே என்று மூலச்செய்யுள் வினவுகிறது. ஆங்கிலப் பெயர்ப்பாளர் அப்பெயரை நீக்கிவிட்டு, ஜெர்மானியத் தொன்மங்களில் வரும் பொற்கொல்லனாகிய வேலண்டின் எலும்புகள் எங்கே என்று மாற்றுகிறார். ஃபாப்ரிசியஸ் என்ற பெயரில் கொல்லரைக் குறிக்கும் ‘ஃபாபெர்’ என்ற இலத்தீன் சொல்லைக் கண்டதனால் இம்மாற்றம் நிகழ்ந்திருக்கலாம் என்பர் ஆய்வாளர். மாற்றியதோடு அவர் அமையவில்லை. ஒருவரின் ‘க்ரஃப்ட்’ அவரை விட்டு நீங்காது என்றும், கதிரவனை அதன் இடத்திலிருந்து பெயர்ப்பது எத்துணை அரிதோ அத்துணை அரிது அதை அவரிடமிருந்து பறிப்பது என்றும் விளக்கம் தருகிறார்.

இவ்விளக்கத்தில் சொல்லின் நடுப்பொருள் தெளிவாக அமைந்துள்ளது. ‘க்ரஃப்ட்’ என்பது செய்யப்பட்ட பொருளன்று, செய்யும் உறுப்புமன்று. பயிற்சியால் ஒருவருக்கு உரியதாகி, அவரிடமிருந்து பிரிக்க இயலாததாகிவிட்ட ஆற்றலே அது. செல்வம் போகும், பதவி போகும், உடலும் போகும் என்று கூறும் ஒரு செய்யுளின் நடுவே இது போகாது என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதுவாராயின், அச்சொல்லுக்கு அவர் காலத்தில் இருந்த எடை எத்தகையது என்பதை உணரலாம்.

4. கூட்டுச்சொற்களின் சான்று

பழைய ஆங்கிலக் கூட்டுச்சொற்கள் இம்முடிவை வலியுறுத்துகின்றன. மருத்துவம் ‘லேச்சக்ரஃப்ட்’ எனப்பட்டது, எண்கணிதம் ‘ரீம்க்ரஃப்ட்’, விண்மீன்களின் அறிவு ‘துங்கோல்க்ரஃப்ட்’, சூனியம் ‘விச்சக்ரஃப்ட்’. மொழியியல் பயில்வோர் நினைவிற்கொள்ள வேண்டிய சொல் ‘ஸ்டஃப்க்ரஃப்ட்’ என்பது. எழுத்து என்னும் பொருளுடைய நிலைமொழியோடு இணைந்த இச்சொல்லைத்தான் எல்ஃப்ரிக் என்னும் துறவி தம் இலக்கண நூலில் இலக்கணத்துக்குப் பெயராக ஆண்டார். நம் துறையே அன்று ஒரு ‘கிராஃப்ட்’.

அதே எல்ஃப்ரிக் மாணவர்க்கு இலத்தீன் கற்பிக்க இயற்றிய உரையாடலில் உழவர், வேடர், மீனவர், வணிகர் முதலியோர் தத்தம் பணியை எடுத்துரைக்கின்றனர். அதன் கையெழுத்துப்படி ஒன்றில் வரிகளுக்கிடையே பழைய ஆங்கிலச் சொற்பொருள் எழுதப்பட்டுள்ளது. ‘ஆர்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு அங்கே ‘க்ரஃப்ட்’ என்பது பொருளாகத் தரப்பட்டுள்ளது. தமக்கு ஒரு ‘க்ரஃப்ட்’ உண்டு என்று சொல்பவர் அவ்வுரையாடலில் ஒரு வேடர். வேடர் எப்பொருளையும் ஆக்குவதில்லை. ஆதலின் பொருளாக்கமும் இச்சொல்லுக்கு இன்றியமையாத கூறன்று என்பது பெறப்படும்.

கையால் செய்யும் வேலையைத் தனித்துச் சுட்ட வேண்டிய இடத்தில் பழைய ஆங்கிலம் ‘ஹண்ட்க்ரஃப்ட்’ என்று கையைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் வேறொரு சொல்லின் ஒப்புமையால் ‘ஹாண்டிகிராஃப்ட்’ என அது உருமாறியது. கை என்ற பொருள் ‘கிராஃப்ட்’டில் முன்பே இருந்திருப்பின் இவ்வடைமொழிக்குத் தேவை எழுந்திராது. தமிழில் ‘கைவினை’ என்பது இந்தக் கூட்டுச்சொல்லுக்கே நேர்நிகரன், தனிச்சொல்லுக்கு அன்று.

5. உயர்ந்த சொல்லும் தாழ்ந்த பொருளும்

13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ‘ஆர்ட்’ என்னும் சொல் ஆங்கிலத்தில் புகுந்தது. தொடக்கத்தில் இரண்டும் ஒருபொருட் பன்மொழியாகவே இயங்கின. வாழ்நாள் குறுகியது, கலையோ நெடியது என்னும் கருத்துடைய கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்கிரட்டீசின் முதுமொழியைச் சாசர் தம் பறவைகளின் பேரவை பற்றிய கவிதையின் தொடக்கத்தில் ஆளும்போது, ‘ஆர்ஸ்’ என்பதன் இடத்தில் ‘கிராஃப்ட்’ என்றே எழுதுகிறார். மூலத்தில் மருத்துவத்தைக் குறித்த அது, சாசரிடம் காதலைக் குறிக்கிறது.

ஒருபொருள் குறித்த இரு சொற்கள் ஒரு மொழியில் நெடுங்காலம் சமமாக நிலைப்பது அரிது. புதிய சொல் மேன்மக்களின் மொழியிலிருந்து வந்தது. பழைய சொல் கீழிறங்கியது. இக்கீழிறக்கம் இரு வகையில் நிகழ்ந்தது. ஒன்று, பொருள் சுருக்கம்: அறிவு முழுவதையும் குறித்த சொல் தொழில்களோடு ஒடுங்கியது. மற்றொன்று, பொருள் இழிபு: திறன் என்பது ஏமாற்றும் திறன் என்றாயிற்று. ‘கிராஃப்டி’ என்னும் பெயரடை வலிமையுடைய, திறமையுடைய என்னும் பொருள்களைக் கடந்து, இன்று வஞ்சகமான என்ற ஒரு பொருளிலேயே நிலைத்துள்ளது.

1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் இவ்விரு நிலைகளையும் அருகருகே காணலாம். பவுலும் அவருக்கு இடமளித்தோரும் கூடாரம் செய்யும் ஒரே தொழிலினர் என்னும் இடத்திலும், இயேசுவை வஞ்சகமாகப் பிடிக்க வகை தேடினர் என்னும் இடத்திலும் ‘கிராஃப்ட்’ என்ற ஒரே சொல் வருகிறது. கிரேக்க மூலத்தில் முன்னது ‘தெக்னே’ என்பதன் அடியாகப் பிறந்த சொல், பின்னது ‘தோலோஸ்’. தமிழ் விவிலியம் முன்னதற்குத் ‘தொழில்’ என்றும் பின்னதற்குத் ‘தந்திரம்’ என்றும் கூறிக் கிரேக்கத்தின் வேறுபாட்டைக் காக்கிறது. ஆங்கிலத்தில் கலந்தவை தமிழில் பிரிந்து நிற்கின்றன.

இவ்விழிபு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. அறிதல் என்ற வினையோடு தொடர்புடைய ‘கன்னிங்’, ‘ஆர்ட்’டிலிருந்து வந்த ‘ஆர்ட்ஃபுல்’ ஆகியனவும் இதே பாதையில் சென்றன. தமிழில் திருக்குறள் ஆராய்ந்தெண்ணுதல் என்ற நற்பொருளில் ஆளும் ‘சூழ்ச்சி’ இன்று சதி என்னும் பொருளது. தறியையும் பாவு நூலையும் குறித்த வடசொல்லாகிய ‘தந்திரம்’ நூல், நூற்பிரிவு என்னும் பொருள்களில் தமிழில் வழங்கி, பொதுவழக்கில் ஏமாற்று என்று முடிந்தது. கல்வியைக் குறித்த ‘வித்தை’ மாயவித்தையும் ஆயிற்று. தம்மிடம் இல்லாத திறனைக் காண்போர் அதனை ஐயுறுவதே இவற்றுக்கெல்லாம் பொதுவான காரணமாதல் கூடும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் பெயரடை முற்றிலும் இழிந்துவிட, பெயர்ச்சொல் நற்பொருளைப் பெரிதும் காத்துக்கொண்டது. தமிழில் ‘வித்தைக்காரர்’ என்ற வழக்கு கண்கட்டு வேலையோடு ஒட்டிக்கொள்ள, ‘வித்தகர்’ என்பது தன் மதிப்பை இழக்கவில்லை. ஒரே அடியிலிருந்து பிறந்த சொற்களுள் ஒன்று இழிய மற்றொன்று உயர்ந்து நிற்றல் இரு மொழிக்கும் பொது. எனவே பெயருக்கு இட்ட நிகரனைப் பெயரடைக்கும் நீட்டுவது தவறாகும்.

6. குழுவும் கலமும்

இடைக்கால நகரங்களில் ‘கிராஃப்ட்’ ஒரு தொழிலையும், அத்தொழிலோர் அமைத்த குழுவையும் ஒருசேரக் குறித்தது. அதே குழுக்களைக் குறிக்க வழங்கிய ‘மிஸ்டரி’ என்ற சொல், பணி என்னும் பொருளுடைய இலத்தீன் ‘மினிஸ்தேரியும்’ என்பதன் வழிவந்தது. மறைபொருள் என்னும் பொருளுடைய வேறொரு சொல்லோடு வடிவில் மயங்கியது. மார்க் பிளாக்கின் தலைப்பிலுள்ள ‘மெத்தியே’யும் அதே இலத்தீன் சொல்லின் வழித்தோன்றலே. ஆங்கிலப் பெயர்ப்பாளர் தேர்ந்த சொல் எத்துணைப் பொருத்தமானது என்பது இதனால் விளங்கும்.

கடற்கலங்களைக் குறிக்கும் பொருள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. சிறு ஆற்றலுடைய, அல்லது சிறு தொழிலுக்குரிய கலங்கள் என்னும் பொருள்தரும் தொடரின் குறுக்கமாக இது பிறந்திருத்தல் வேண்டும் என்பர். இப்பொருளில் பன்மை விகுதி ஏற்காமை இதன் தொகுதிப் பெயர்த் தன்மைக்கு அடையாளம். பின்னர் வானூர்திக்கும் விண்வெளி ஊர்திக்கும் இது விரிந்தது. இவற்றுக்குத் தமிழ் ‘கலம்’ என்னும் சொல்லைத் தேர்ந்தது பாராட்டத்தக்கது. உண்கலம், மரக்கலம், படைக்கலம், அணிகலம் எனப் பாண்டமும் மரக்கலமும் கருவியும் அணியும் ஒரு சொல்லில் அடங்க, ‘விண்கலம்’ எவ்வித இடர்ப்பாடுமின்றி அவ்வரிசையில் சேர்ந்தது. ஆங்கிலச் சொல்லின் வடிவைப் பின்பற்றாது பொருளைப் பின்பற்றியதால் கிடைத்த வெற்றி இது.

7. ‘கை’ நுழைந்த காலம்

கலைக்கும் ‘கிராஃப்ட்’டுக்கும் இடையே இன்று நாம் காணும் சுவர் 18ஆம் நூற்றாண்டில் எழும்பத் தொடங்கியது. 1768இல் லண்டனில் நிறுவப்பட்ட அரச கலைக்கழகம் ஓவியரையும் சிற்பியரையும் கட்டடக் கலைஞரையும் ஏற்றது. செப்புத் தகட்டில் படம் செதுக்குவோரை முழு உறுப்பினராக ஏற்கவில்லை. அடுத்து எந்திரங்கள் வந்தன. எந்திரம் செய்யாதது எதுவோ அதுவே ‘கிராஃப்ட்’ என்ற எதிர்மறை வரையறை உருவாயிற்று. ‘கிராஃப்ட்’ எனத் தனித்த ஒரு வகைமையே எந்திரத் தொழிலின் எதிரிணையாக அக்காலத்தில் படைக்கப்பட்டது என்று 2013இல் வெளிவந்த தம் நூலில் கிளென் ஆடம்சன் வாதிடுகிறார். கையால் செய்தல் என்னும் பொருளுடைய ‘மானுஃபாக்சர்’ எந்திர உற்பத்தியைக் குறிக்கச் சென்றுவிட, கை இல்லாதிருந்த ‘கிராஃப்ட்’ கையை ஏற்றது சொல் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஜான் ரஸ்கின், வில்லியம் மாரிஸ் ஆகியோரின் சிந்தனையால் வளர்ந்த இயக்கம், 1887இல் அமைந்த கண்காட்சிக் கழகத்தின் பெயரால் ‘ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்’ எனப்பட்டது. பிரிந்தவற்றைச் சேர்ப்பதே அதன் நோக்கம். எனினும் இரு சொற்களுக்கிடையே ஓர் இணைப்பிடைச்சொல் தேவைப்பட்டதே பிரிவு முற்றுப்பெற்றுவிட்டதற்குச் சான்று. 1938இல் காலிங்வுட் தம் கலைக்கோட்பாட்டு நூலில், முன்கூட்டியே அறியப்பட்ட ஒரு முடிவை நோக்கி மூலப்பொருளை மாற்றுவது ‘கிராஃப்ட்’ என்றும், கலை அத்தகையதன்று என்றும் வரையறுத்தார். போயீத்தியஸ் நூலின் பழைய பெயர்ப்பாளர் நற்பண்புக்கே இட்ட பெயர் இங்குக் கலைக்குக் கீழ்ப்பட்ட ஒன்றாகிவிட்டது.

இருபத்தொன்றாம் நூற்றாண்டில் சொல் மீண்டும் அகல்கிறது. 2008இல் ரிச்சர்டு சென்னெட் எழுதிய நூல், கணினி நிரல் எழுதுவோரையும் இச்சொல்லுக்குள் கொணர்ந்து, ஒரு பணியை அப்பணியின் பொருட்டே செவ்வனே செய்யும் விழைவு என அதனை விளக்குகிறது. நன்கு சொல்தேர்ந்து எழுதிய அறிக்கையை ‘கிராஃப்ட்’ செய்யப்பட்டது என்று கூறும் வினைவழக்கும், சிற்றளவில் ஆக்கப்படும் பொருள்களுக்கு இதனை அடைமொழியாக்கும் வணிக வழக்கும் பெருகியுள்ளன. இப்புதிய இடங்கள் பலவற்றில் கைக்கு வேலை இல்லை.

8. தமிழ் நிகரன்களின் மதிப்பீடு

தமிழில் ‘கை’ ஏன் நிலைபெற்றது என்பதற்கு மொழியமைப்பு சார்ந்த காரணம் ஒன்று உண்டு. செயல் என்ற பொதுப்பொருளில் வழங்கிய ‘தொழில்’ பின்னர் ஒருவர் மேற்கொள்ளும் பணியையும், அதன் பின்னர் எந்திரத் தொழிலையும் குறித்தது. தொழிற்சாலை, தொழிற்புரட்சி, தொழில்துறை ஆகிய ஆக்கங்களில் அது எந்திரத்தின் பக்கம் சென்றுவிட்டமையால், எதிர்ப்பக்கத்தைப் பிரித்துக்காட்ட ஓர் அடை தேவைப்பட்டது. அவ்வடையே ‘கை’. ஆங்கிலத்தில் இரு வேறு சொற்கள் சுமந்த எதிர்வைத் தமிழ் ஒரே சொல்லுக்கு அடை சேர்த்தும் சேர்க்காமலும் உணர்த்தியது. அரசின் கழகம் ஒன்று ‘கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம்’ எனப் பெயர் பெற்றது இம்முறையிலேயே. அவ்விடத்தில் அது முற்றிலும் பொருத்தமானது. அங்குப் பெயர்க்கப்படுவது ‘ஹாண்டிகிராஃப்ட்’ ஆகும்.

குறைபாடு தோன்றுவது அதை எல்லா இடத்துக்கும் நீட்டும்போதுதான். ‘வினை’ என்ற சொல் கையின் துணையின்றியே இப்பொருளைத் தாங்கவல்லது. ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ எனச் சிலப்பதிகாரம் சுட்டுவதில் காண்பாரின் கண் பேசப்படுகிறது, கை பேசப்படவில்லை. ‘வித்தை’ என்பதோ அறிவு, பயின்ற திறன், தொழில் நுட்பம், மாயம், ஏமாற்று என ஆங்கிலச் சொல்லின் பொருட்களத்தை ஏறத்தாழ முழுமையாக ஒத்தது. வடசொல் என்பதாலும் பொருள் இழிபினாலும் எழுத்து நடையில் ஒதுக்கப்பட்டது. மேலே கண்ட வரலாற்றின் அடிப்படையில் பின்வரும் பாகுபாட்டை முன்வைக்கலாம்.

அ. ஒரு துறையில் பயின்று பெற்ற ஆற்றலைக் குறிக்குமிடத்து ‘வினைத்திறம்’. மார்க் பிளாக்கின் தலைப்பை ‘வரலாற்றாசிரியரின் வினைத்திறம்’ எனவும், லப்பக்கின் தலைப்பைப் ‘புனைகதை வினைத்திறம்’ எனவும் பெயர்க்கலாம். ‘கலை’ அப்போது ஜேம்சுக்கே உரியதாக நிற்கும்.

ஆ. எந்திரத்துக்கு எதிரான கைப்பணியைக் குறிக்குமிடத்துக் ‘கைவினை’.

இ. பிழைப்புக்குரிய பணியைக் குறிக்குமிடத்துத் ‘தொழில்’. அப்பணியோரின் குழுவைக் குறிக்குமிடத்துத் ‘தொழிற்குழு’.

ஈ. வஞ்சகத்தைக் குறிக்குமிடத்துச் ‘சூழ்ச்சி’ அல்லது ‘தந்திரம்’.

உ. ஊர்தியைக் குறிக்குமிடத்துக் ‘கலம்’.

ஊ. சொல்லின் பல பொருள்களும் ஒருசேர இயங்குமாறு ஆசிரியர் ஆளுமிடத்து ‘வித்தை’.

இறுதி வகையே மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் சோதிப்பது. வேலண்டு பற்றிய விளக்கத்தைத் தமிழாக்குவதாயின் வினைத்திறம் என்பது பொருளைத் தரும். ஆயினும் வித்தை என்பதே கற்றவரை விட்டு நீங்காத ஒன்று என்ற உணர்வைத் தரும். ‘கைவினை’யோ அவ்விடத்தில் அறவே பொருந்தாது, கை போனபின்னும் எஞ்சும் ஒன்றைப் பற்றியே அவ்விளக்கம் பேசுகிறது.

9. பயிற்சியும் பிறப்பும்

இச்சொல்லைப் பெயர்ப்பதில் நம் நாட்டில் வேறொரு பொறுப்பும் உண்டு. ஆங்கில ‘கிராஃப்ட்’டின் பொருட்கூறுகளுள் பயிற்சி உண்டு, பிறப்பு இல்லை. 1563ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம் ஏழாண்டுப் பயிற்சியைத் தொழில் புரிவதற்குரிய தகுதியாக்கியது. 1814 வரை அவ்விதி நிலவியது. தந்தையின் தொழிலை மகன் தொடர்வது அங்கும் மிகுதி. எனினும் அது சொல்லின் பொருளில் சேரவில்லை. தமிழில் ‘குலத்தொழில்’ என்னும் சொல்லிலோ பிறப்பே முதற்கூறு.

ஆனந்த குமாரசாமி 1909இல் இந்தியக் கைவினைஞர் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு, மாரிசின் வழிவந்த ஆஷ்பீ முன்னுரை வழங்கினார். வழிவழியாகத் தொழில் தொடர்வதைப் பெருமைக்குரியதாகப் போற்றும் அந்நூலில், இங்கிலாந்தின் சொல்லும் இந்தியாவின் சமூக அமைப்பும் ஒன்றோடொன்று இணைகின்றன. அவ்விணைப்பின் மறுபக்கத்தைத் தமிழகம் 1953இல் கண்டது. பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் கற்க வழிசெய்த சென்னை மாநிலத் தொடக்கக் கல்வித் திட்டம், எதிர்ப்பாளரால் ‘குலக்கல்வித் திட்டம்’ எனப் பெயர் சூட்டப்பெற்று, 1954இல் கைவிடப்பட்டது. ஒரு பெயர்ச்சொல் ஒரு திட்டத்தின் உட்கிடையை எவ்வாறு வெளிக்கொணரும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

அண்மையிலும் இது மீண்டும் எழுந்தது. 2023இல் நடுவணரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் ஆங்கில வரையறை, குடும்பவழி மரபுத் தொழில்கள் பதினெட்டில் ஈடுபட்ட கைவினைஞரைச் சுட்டுகிறது. குடும்பவழி என்னும் நிபந்தனையை நீக்குமாறு கோரிய தமிழ்நாடு அரசு, அத்திட்டத்தை அவ்வடிவில் செயற்படுத்துவதில்லை என்று 2024இல் தெரிவித்து, 2025இல் தனியே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயர் ‘கலைஞர் கைவினைத் திட்டம்’. கொள்கை வழக்கில் தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் பணியன்று. மொழியியல் நோக்கில் கருதத்தக்கது ஒன்றே: குலம், மரபு, குடும்பம் என்பவற்றுள் எதனையும் சுட்டாத சொல்லாக இங்குக் ‘கைவினை’ நிற்கிறது. செய்வோரின் கையை மட்டும் கூறி, அவர் பிறப்பைக் கூறாது விடுவது அச்சொல்லின் வலிமை. வரலாற்றாசிரியரின் தலைப்பில் குறையாகத் தோன்றிய அதே பண்பு இங்கு நிறைவாகிறது.

10. முடிவுரை

ஒரு சொல்லுக்கு ஒரு நிகரன் என்ற நெறி கலைச்சொல்லாக்கத்துக்கு ஏற்றதாகலாம். பொதுவழக்கில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய சொல்லுக்கு அது பொருந்தாது. இருமொழி அகராதிகளில் நிகரன்கள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரிசையாக நிற்கும்போது, அவற்றுள் எது எக்காலத்துப் பொருளுக்கு உரியது, எது எவ்விடத்தில் பொருந்தாது என்பது பயன்படுத்துவோர்க்குப் புலப்படுவதில்லை. ‘கிராஃப்ட்’ போன்ற சொற்களின் பதிவுகளில் பொருள்களைத் தோன்றிய வரிசையில் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆட்சித்தொடரும், பொருந்தா இடம் பற்றிய குறிப்பும் சேர்ப்பது இனிவரும் அகராதிகளின் கடமையாகும்.

அதுவரை மொழிபெயர்ப்பாளர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று. இவ்விடத்தில் கை உண்டா? ஆக்கப்படும் பொருள் உண்டா? பிறப்பு பேசப்படுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்பதே விடையாயின், அங்குப் பேசப்படுவது ஒருவர் கற்றுத் தமதாக்கிக்கொண்ட ஆற்றல். அதற்குத் தமிழில் வினைத்திறமும் வித்தையும் உள்ளன.